கட்டையில் வைத்த கை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

செத்துப்போன உன் தம்பி வாலு எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். செத்தவன் எப்படிச் சுகமாக இருப்பான் என்று கேட்காதே, மேலே படி. உன் இருமல் விட்டதா, ஒற்றைத் தலைவலி இப்போதும் வருகிறதா என்று விவரமாக எழுது.

முதலில் மிஷினை நிறுத்திவிட்டு ஒழுங்காக உட்கார். பெடலில் கால் வைத்துக்கொண்டே படிக்காதே.

ஊரைவிட்டு ஓடிவந்த இந்த மூன்று வருஷத்தில் வீட்டு விலாசத்துக்கு எத்தனையோ கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. என்மேல் கோபம் என்று நினைத்தேன். அவை உன் கைக்கே வரவில்லை என்று இப்போது புரிகிறது. போன வாரம் எங்கள் பேக்கரிக்கு மாவு மூட்டை இறக்க வந்த லாரி டிரைவர், நீ மில் ரோட்டுத் தையற்கடையில் வேலை பார்ப்பதாகச் சொன்னார். அதனால்தான் கடை விலாசத்துக்கு எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். என் இடது கை மறுபடி தொல்லை கொடுக்கிறது. கோணலாகச் சேர்ந்த எலும்பு உள்ளே நரம்பை அமுக்குகிறதாம். ரொட்டித் தட்டைத் தூக்கினால் விரல்கள் மரத்துப் போகின்றன. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "மறுபடி உடைச்சு நேராக்கணும். ஒத்திப் போட்டீங்கன்னா விரல் போயிடும்" என்றார். சரி என்று காப்பீட்டு அட்டையை நீட்டினேன். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"இந்த அட்டைக்காரர் இறந்துட்டாரே" என்றாள்.

"எந்த அட்டைக்காரர்?"

"நீங்கதான்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.

ஒருவர் வழி சொல்ல, இலவசச் சட்ட உதவி அலுவலகத்துக்குப் போனேன். செருப்புக் கடைக்கு மேலே மாடியில் ஒரு அறை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த எல்லாரும் என்னைப்போலக் காகிதத்தில் செத்தவர்கள். ஒரு பெரியவர் தன் பென்ஷன் நின்றதைச் சொல்லிக்கொண்டிருந்தார்; பக்கத்து அம்மா, "நீங்க எப்ப செத்தீங்க?" என்று அக்கறையாக விசாரித்தார். வக்கீலம்மா சின்ன வயசு, பெரிய குரல். என்னைப் பார்த்ததும், "உங்களைச் சாகடிச்சது சொந்தக்காரங்களா, கிளார்க்கா?" என்று கேட்டார். எங்கள் வகையில் இரண்டே சாதிதானாம்.

பதிவை எடுத்துப் பார்த்தார். நம் ஊர் மர மில்லுக்குப் பின்னால் கால்வாயில் கிடந்த உடல். அடையாளம் காட்டியவர், உடன்பிறந்த அக்கா.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தவறு நடந்துவிட்டது. நீ நம் ஊர்க் கோர்ட்டில் போய், 'அன்று தவறாகச் சொல்லிவிட்டேன், தம்பி உயிரோடு இருக்கிறான்' என்று வாக்குமூலம் கொடுத்தால் போதுமாம். நான் பிழைத்துக்கொள்வேன், கையும் பிழைத்துக்கொள்ளும்.

உடனே பதில் போடு.

இப்படிக்கு,
இன்னும் மூச்சு விடுகிற
வாலு


மார்ச் 30

என் கண்ணான தம்பி வாலுவுக்கு,

அக்காவின் ஆசிகள். உன் கடிதம் வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்தது என்று எழுதவே எனக்கு இத்தனை நாள் ஆகிவிட்டது. கவரின்மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் கையில் இருந்த துணி நழுவியது தெரியும். அப்புறம் கடைக்கார அம்மா முகத்தில் தண்ணீர் அடித்ததுதான் தெரியும்.

மூன்று வருஷமாக உனக்காக அழுதிருக்கிறேன். அவ்வளவையும் திருப்பிக் கொடுடா, படுபாவி.

எப்படித் தவறாகச் சொன்னேன் என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும். நீ போன பிறகு உன்னைக் காணோம் என்று போலீசில் நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். கால்வாயில் ஒரு உடல் ஒதுங்கியதும் என்னைக் கூப்பிட்டார்கள். தண்ணீரில் ஊறி, மீன் அரித்து, முகம் என்று ஒன்றும் மிச்சம் இல்லையாம். "பார்க்க வேண்டாம்மா, தாங்க மாட்டீங்க" என்று சொல்லித் துணியை விலக்கவில்லை. இடது கையை மட்டும் வெளியே எடுத்துக் காட்டினார்கள். மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே, உனக்கு எப்படியோ அப்படியே, எலும்பு வெளிப்பக்கமாகத் துருத்திக்கொண்டு சேர்ந்திருந்தது. நான் கட்டுப் போட்டு, நான் எண்ணெய் தடவிய கை. அதைத் தொட்டுப் பார்த்து, என் தம்பிதான் என்றேன்.

மில்லுக்குப் பின்னால் இருக்கிற இடுகாட்டில்தான் புதைத்தோம். மாதம் தவறாமல் அந்தக் குழிக்குப் போய்க் களை பிடுங்கி, உன்னிடம் பேசிவிட்டு வருவேன். இத்தனை நாளும் யாரோ ஒருவனிடம் நம் வீட்டுக் கதையெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

வாக்குமூலம் கொடுக்கிறேன். உன் அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை. சமயம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அவர் நலம். நானும் அப்படித்தான். இருமல் இல்லை. ஒரு கடைவாய்ப் பல் ஆடுகிறது, அவ்வளவுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு. கையை அலட்டாதே.

உன் அக்கா


ஏப்ரல் 13

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பேக்கரி அடுப்படியில் நின்று படித்து, ஒரு தட்டு ரொட்டியைக் கருக்கிவிட்டேன். முதலாளி திட்டியது காதிலேயே விழவில்லை. நான் நலம். ஆடுகிற பல்லைப் பற்றி ஒரு வரியில் எழுதியிருக்கிறாய். அது தானாக ஆடியதா, ஆட்டிவிட்டார்களா?

கடிதத்தை வக்கீலம்மாவிடம் காட்டினேன். முதலில் சந்தோஷப்பட்டார். கையைப் பற்றி நீ எழுதிய இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உங்க கை எப்படி உடைஞ்சுது?"

ஏணியிலிருந்து விழுந்தது என்று வழக்கம்போலச் சொன்னேன். என் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "டாக்டர் எழுதியிருக்கிறதைப் பாருங்க. விழுந்து உடைஞ்சதில்ல. ரெண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து நடுவுல மிதிச்சது."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன் அக்கா. அத்தான் உன்மேல் ஓங்கிய கையை நான் பிடித்ததும், மறுநாள் மில் முற்றத்தில் எல்லா ஆட்களையும் வேலையை நிறுத்தச் சொல்லி நிற்க வைத்ததும், இரண்டு கட்டைகளுக்கு நடுவே என் கையை வைத்து மேஸ்திரி அத்தான் குதிகாலால் மிதித்ததும். "வலது கையை விட்டுட்டேன் பாரு, நாளைக்கு வேலைக்கு வரணும்ல" என்று சொல்லிச் சிரித்தார். மேஸ்திரி சிரித்ததால் ஆட்களும் சிரித்தார்கள்.

வக்கீலம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்போ உங்க குழியில இருக்கிறது யாரு?"

ராத்திரியெல்லாம் யோசித்தேன். எனக்குத் தெரிந்து அந்த மில்லில் கட்டையில் வைக்கப்பட்டவர்கள் மூன்று பேர். ஒருவன் நான். இன்னொருவர் கேட் வாட்ச்மேன். மூன்றாவது, விசில் என்று எல்லாரும் கூப்பிடுகிறவன். மேஸ்திரி வரும்போது விசிலடித்தான் என்பதற்காக உடைத்தார்கள். அதற்குப் பிறகும் அந்த மடையன் விசிலடித்துக்கொண்டேதான் இருந்தான்.

வாட்ச்மேன் இருக்கிறாரா? விசில் எங்கே?

வாலு


மே 5

தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

வாட்ச்மேன் இருக்கிறார். காலையில்கூட கேட்டில் பார்த்தேன்.

விசில் நீ போன சில மாதத்தில் வேறு ஒருத்தியோடு வேறு ஊர் மில்லுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். சொன்னது உன் அத்தான். அவன் மனைவி மில்லுக்கு எதிரே டீக்கடை போட்டிருக்கிறாள். ஓடிப்போனவன் பெண்டாட்டி என்றுதான் தெருவில் அவளுக்குப் பெயர். வாடிக்கைக்காரர்கள்கூட அதைச் சொல்லிக் கேலி பேசிக்கொண்டுதான் டீ குடிக்கிறார்கள். முன்பெல்லாம் கடைக்குப் போகிற வழியில் அவளிடம் ஒரு டீ குடிப்பேன். உன் கடிதம் வந்த பிறகு தெருவின் அந்தப் பக்கமாக நடக்கிறேன்.

ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உன் அத்தான் என்னை எங்கேயும் கூட்டிப் போனதில்லை. உடலைப் பார்க்க மட்டும் அவரே சைக்கிளில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். நான் கையைத் தொட்டு ஆமாம் என்று சொல்லும்வரை பின்னாலேயே நின்றார். திரும்பி வரும்போது கடையில் நிறுத்தி, எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார். தம்பி போன துக்கத்தில் இருப்பவளுக்கு ஆறுதல் என்று அன்றைக்கு நினைத்தேன்.

வாலு, செத்தவனாகவே இருந்துவிடு. கைக்கு வேறு ஏதாவது வழி பார். உயிரோடு வராதே. வந்தால் இன்னொரு முறை உனக்காக அழ என்னிடம் தெம்பு இல்லை.

இதைப் பற்றி இனிமேல் எழுதாதே.

அக்கா


மே 16

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னித்துக்கொள்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே மனு போட்டாகிவிட்டது. உன்னை வாக்குமூலத்துக்குக் கூப்பிட்டு நோட்டீஸ் வரும். தையற்கடை விலாசத்துக்கு அனுப்பும்படி வக்கீலம்மா எழுதிக் கொடுத்திருந்தார். கோர்ட் ஆபீசில் பழைய பதிவைப் பார்த்து வீட்டு விலாசத்துக்கே அனுப்பிவிட்டார்கள். நேற்றுத்தான் தெரிந்தது. வக்கீலம்மா அங்கே போய்ச் சத்தம் போட்ட சத்தத்தில் ஆபீசே எழுந்து நின்றது. என்ன பிரயோஜனம்?

தபால்காரரை வழியிலேயே மடக்கு. எப்படியாவது அது அவர் கைக்குப் போவதற்கு முன்னால் வாங்கிக் கிழித்துவிடு.

நானே கிளம்பி வருகிறேன் என்றேன். வக்கீலம்மா விடவில்லை. "இப்ப உங்களை யாராவது கொன்னா என்ன கேஸ் போடுறது? ஏற்கெனவே செத்தவரைக் கொன்னாங்கன்னா? முதல்ல உயிரோட இருக்கீங்கன்னு ஒரு தாள் வாங்கிட்டு அப்புறம் சாகுங்க" என்றார். அவர் சிரிக்கச் சொல்லவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

ஒரு வரியாவது எழுது.

வாலு


ஜூன் 11

அன்புள்ள சின்ன மச்சானுக்கு,

உன் அத்தான், மர மில் மேஸ்திரி சொல்லச் சொல்ல, உன் அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் பரம சுகம். அங்கே உன் உடம்பைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளவும்.

நீ உயிரோடு இருப்பதாக அரசாங்கத் தபாலில் தகவல் வந்தது. மிகவும் சந்தோஷம். மூன்று வருஷமாக இங்கே உனக்காக வருத்தப்பட்டவர்களில் நானும் ஒருவன். உன் குழிக்குப் பலகை அடித்துக் கொடுத்ததே நான்தான். நல்ல மரம். இன்னும் பூச்சி அரிக்கவில்லை.

எனக்கு எழுதப் படிக்க வராது. கையெழுத்து மட்டும் போடுவேன் என்பது உனக்குத் தெரியும். இதை மில் கணக்கர் வாசித்துக் காட்டிய பிறகுதான் தபாலில் போடுவேன். ஆகையால் உன் அக்கா நடுவில் எதையும் செருகுவாள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

விஷயம் சின்னதுதான். உன் அக்கா அன்று சொன்னதே சரி. அவள் தம்பி இறந்துவிட்டான். நீ யாரோ அவன் பெயரைச் சொல்லிப் பிழைக்கிறவன். கோர்ட்டில் அவள் இப்படித்தான் சொல்லப்போகிறாள். நீயும் மனுவைத் திரும்ப வாங்கிவிட்டு, வேறு ஒரு பெயர் வைத்துக்கொண்டு நூறு வருஷம் வாழவும். நான் குறுக்கே வரமாட்டேன்.

அப்படி இல்லை, வருவேன் என்றால் தாராளமாக வரவும். உனக்குக் குழி தயாராக இருக்கிறது, பலகை இருக்கிறது, காகிதமும் இருக்கிறது. ஆள் ஒன்றுதான் பாக்கி. செத்தவனைத் தேடி யாரும் வரமாட்டார்கள்.

உன் அக்கா உன்னை மிகவும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அன்பு அத்தான்


ஜூன் 20

தையற்கடை அம்மாவுக்கு வணக்கம்.

நான் உங்கள் கடையில் வேலை பார்ப்பவளின் தம்பி. உங்களுக்கு அறிமுகம் இல்லாதவன். ஆனால் நான் செத்த கதையும் பிழைத்த கதையும் உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். நீங்களும் கடையில் உள்ளவர்களும் நலம்தானே.

அத்தான் சொல்லி அக்கா எழுதிய கடிதம் ஒன்று எனக்கு வந்தது. அதில் உள்ள மிரட்டல் எனக்குப் பெரிதில்லை. எழுத்துத்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அக்கா கோடு போட்டதுபோல எழுதுகிறவள். இந்தக் கடிதத்தில் ஒவ்வொரு வரியும் நேராகத் தொடங்கிப் பாதியில் கீழே சரிகிறது. பேனாவோடு சேர்ந்து காகிதமும் நகர்ந்திருக்கிறது. இடது கையால் காகிதத்தை அமுக்கிப் பிடிக்க முடியாதவன் எழுதினால் இப்படித்தான் வரும். கை உடைந்து கட்டுப் போட்டிருந்த காலத்தில் நான் இப்படித்தான் எழுதினேன்.

அம்மா, அக்காவின் இடது கையை அவன் கட்டையில் வைத்துவிட்டான். நீங்கள் போய்ப் பாருங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

இனி அந்த ஆளுக்கு என் வாயில் 'அவர்' வராது.

இப்படிக்கு,
வாலு


ஜூலை 4

அன்புள்ள தம்பிக்கு,

தையற்கடைக்காரி எழுதுவது. நான் குண்டாக, சுகமாக இருக்கிறேன். என்னை விசாரித்தது போதும்.

நீ எழுதியது சரி. உன் அக்கா பல நாளாகக் கடைக்கு வரவில்லை. காய்ச்சல் என்று அந்த மகராசன் சொல்லி அனுப்பியதை நம்பிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உன் கடிதம் கிடைத்த அன்றே கடையில் இருந்த இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு போனேன். கையில் துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோல் இருந்தது. வேலையிலிருந்து அப்படியே எழுந்து வந்ததால் இருந்தது என்று வைத்துக்கொள். வீடு வெளியே பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், பழைய புடவையில் கையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கண் திறக்கவில்லை. விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தன. அந்த நிலையில் என்னைப் பார்த்து, "அந்தப் பச்சை ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கல அம்மா" என்கிறாள். எனக்கு அழுவதா அறைவதா என்று தெரியவில்லை. பூட்டைக் கல்லால் அடித்து உடைத்தோம். நாங்கள் வெளியே வரும்போது அவன் தெருமுனையில் நின்று பார்த்தான். தடுக்கவில்லை. "போகட்டும், எங்க போயிடப் போறா" என்று பக்கத்தில் நின்றவனிடம் சொன்னான்.

எலும்பு டாக்டர் கட்டுப் போட்டிருக்கிறார். இப்போது என் கடைக்குப் பின்னறையில் இருக்கிறாள். சாப்பிடுகிறாள். பேச்சுத்தான் குறைவு.

நேற்றுக் காலையில் தானாக எழுந்து, கட்டுப் போட்ட கையோடு ரோட்டைத் தாண்டி அந்த டீக்கடைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். "அக்கா, உங்க வீட்டுக்காரர் ஓடிப்போகல. என் தம்பின்னு நினைச்சு நான்தான் அவரைப் புதைச்சேன்" என்றாள். அந்தப் பெண் கத்துவாள், அடிப்பாள் என்று பயந்தேன். அவள் அடுப்பை அணைத்தாள், பெஞ்சைத் துடைத்தாள், உன் அக்காவைப் பிடித்து உட்கார வைத்தாள். "எந்த இடத்துல?" என்று மட்டும் கேட்டாள்.

வாக்குமூலத் தேதி ஆகஸ்டில். உன் அக்கா போவாள். மனுவைத் திரும்ப வாங்கினாய் என்றால் உன்னை நானே வந்து வெட்டுவேன்.

ஆசிகளுடன்,
தையற்கடைக்காரி


ஆகஸ்ட் 22

என் வாலுவுக்கு,

அக்காவின் ஆசிகள். இதை எழுதுவது நான் இல்லை. நான் சொல்ல, விசிலின் மனைவி எழுதுகிறாள். ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன். நீ பதறாதே. முடிந்த கதையைத்தான் சொல்கிறேன்.

கோர்ட்டுக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள், பட்டப்பகலில், அவன் இரண்டு ஆட்களோடு கடைக்குள் வந்தான். கடைக்கார அம்மா குறுக்கே நின்றார். அவரை மிஷின்மேல் தள்ளிவிட்டான்; நெற்றி கிழிந்துவிட்டது. என் முடியைப் பிடித்து ரோட்டின் குறுக்கே மில் முற்றத்துக்கு இழுத்துப் போனான். உனக்குச் செய்த அதே இடம். அதேபோல எல்லாரையும் வேலையை நிறுத்தச் சொன்னான். அறுவை மிஷின் நின்றதும் அந்த அமைதியில் என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது.

"கையெழுத்துப் போடுற கை எது?" என்று கேட்டான். வலது கையைப் பிடித்துக் கட்டைகளுக்கு நடுவே வைத்தான். இத்தனை வருஷத்தில் அவன் யாருடைய வலது கையையும் தொட்டதில்லை. நான் கத்தக் கூடாது என்று நினைத்தேன். கத்திவிட்டேன். ஒரு மிதியில் உடையவில்லை. இரண்டாவது மிதியில் உடைந்தது. சுள்ளி ஒடிகிற சத்தம்தான், வேறொன்றும் இல்லை.

மூன்றாவது முறை காலைத் தூக்கும்போது அலறிக்கொண்டு விழுந்தான். டீக்கடையில் கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே கொண்டுவந்து இவள் அவன் பிடரியில் ஊற்றிவிட்டாள். இதை எழுதும்போது இவள் கை நிற்கிறது. எழுது என்கிறேன்.

போலீஸ் வந்தது. குடும்பச் சண்டை என்று எழுதிக்கொண்டு போனது.

மறுநாள் கோர்ட்டுக்குப் போனேன். அவன் கழுத்தில் கட்டோடு பின் பெஞ்சில், மில் ஆட்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். கையெழுத்துக் கை போய்விட்டது, இனி இவளால் ஒன்றும் ஆகாது என்ற தைரியம்.

நீதிபதி கேட்டார்: "இறந்தவர் உங்க தம்பி இல்லைன்னு இப்ப சொல்றீங்க. அன்னைக்கு எதை வச்சு ஆமாம்னு சொன்னீங்க?"

"கையைப் பார்த்துச் சொன்னேன் ஐயா."

"ஒருத்தர் கையைப் பார்த்து இன்னொருத்தர்னு நினைக்க முடியுமா?"

"எங்க மில்லில முடியும் ஐயா. எல்லாம் ஒரே ஆள் உடைச்சது."

உங்கள் வக்கீலம்மா அனுப்பிய உன் எக்ஸ்ரேயை அவர் கையில் எடுத்தார். என் இடது கைப் படத்தையும் பக்கத்தில் வைத்தார். நிறைய நேரம் பார்த்தார். அப்போது பின்னால் பெஞ்ச் நகர்கிற சத்தம் கேட்டது. திரும்பினால், கேட் வாட்ச்மேன் எழுந்து நிற்கிறார். சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டி, இடது கையை உயரத் தூக்கிப் பிடித்திருக்கிறார். அந்தக் கோணல் எல்லார் கண்ணிலும் படும்வரை அப்படியே நின்றார்.

"யார் உடைச்சது? இங்க இருந்தா கையை நீட்டிக் காட்டுங்க" என்றார் நீதிபதி.

நீட்ட எனக்குக் கை ஏது? இரண்டிலும் கட்டுப் போட்டிருந்தது. முகத்தைத் திருப்பி அவனையே பார்த்தேன். நான் பார்த்த பக்கம் கோர்ட்டே திரும்பியது. அவன் பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்து, அந்த பெஞ்சில் அவன் மட்டும் மிச்சமானான். அன்றைக்கு உன்னைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான் அவர்கள்.

கையெழுத்து வேண்டும் என்றார்கள். வலது கைக் கட்டுக்கு வெளியே கட்டைவிரல் நீட்டிக்கொண்டிருந்தது. கிளார்க் மை டப்பாவைக் கொண்டுவந்து, வலிக்காமல் அதில் ஒற்றி எடுத்தார். ரேகை நன்றாகவே விழுந்தது. வாசலில் போலீஸ் அவனை ஏற்றிக்கொண்டு போனது. எதற்கென்று இம்முறை சரியாக எழுதிக்கொண்டார்கள்.

குழியைத் தோண்ட உத்தரவாகியிருக்கிறது. இவள் பக்கத்தில் நான் இருக்க வேண்டும். உன் கைக்கு எப்போது ஆபரேஷன்?

அக்கா
(எழுதியது டீக்கடைக்காரி)


செப்டம்பர் 29

அன்பு அக்காவுக்கு,

நலம். இந்த முறை தாளோடு நலம். நான் உயிரோடு இருப்பதாக முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். வக்கீலம்மா அதை என் கையில் கொடுக்கும்போது, "இனிமே நீங்க செத்தா அது உங்க பொறுப்பு" என்றார். பெஞ்சில் இருந்த செத்தவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். பென்ஷன் பெரியவர் தாளைத் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

அதே கவுண்டர், அதே பெண். தாளை நீட்டினேன். "உக்காருங்க" என்றாள். போன வாரம் கையை மறுபடி உடைத்து நேராக்கினார்கள். மயக்க மருந்து கொடுத்து, மெதுவாக, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே உடைக்கிறார்கள் அக்கா. கையை இப்படியும் உடைக்கலாம் என்று எனக்குத் தெரியாது.

உன் கடிதத்தை ஒரே ஒருமுறைதான் படித்தேன். சுள்ளிச் சத்தம் என்று நீ சொன்ன இடத்தைத் தாண்ட முடியவில்லை. அவனைக் கொல்ல வேண்டும் என்று அரை நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் மாவு பிசையக் கூப்பிட்டார்கள், ஒற்றைக் கையோடு போனேன்.

கட்டுப் பிரித்ததும் வருகிறேன். உன்னைக் கூட்டிக்கொண்டுதான் திரும்புவேன்.

வாலு


நவம்பர் 2

தம்பிக்கு,

இந்தக் கடிதம் டீக்கடைக்காரி நானே எழுதுவது. உன் அக்காவின் இரண்டு கட்டும் பிரித்தாகிவிட்டது. வலது கையால் டம்ளர் பிடிக்கிறாள். ஊசியில் நூல் கோக்க இன்னும் வரவில்லை. தினமும் திட்டிக்கொண்டே பழகுகிறாள். உன் கை தேவலையா?

குழியைத் தோண்டினார்கள். பார்க்க வேண்டாம் என்று என்னிடமும் சொன்னார்கள். நான் பார்த்தேன். இடது கை எலும்பை டாக்டர் தனியாக எடுத்து உன் படத்தோடு வைத்துக் காட்டினார். பின்மண்டையில் ஒரு பிளவு இருந்தது. மேஸ்திரி இப்போது கொலைக் கேசில் உள்ளே இருக்கிறான். கையை உடைத்ததற்காகப் போலீசில் புகார் கொடுக்கப் போகிறேன் என்று என் வீட்டுக்காரர் அவனிடமே சொன்னதாக மில் ஆட்கள் இப்போது சொல்கிறார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்ததே இல்லை அந்த மனுஷன்.

மறுபடி அங்கேயே அடக்கம் செய்தோம். பலகையில் உன் பெயரைச் சுரண்டி அழித்துவிட்டு அவர் பெயரை எழுதச் சொன்னேன். கோபித்துக்கொள்ளாதே. அந்த இடத்தில் ஒரு புல் பூண்டு இல்லை. மூன்று வருஷமாக உன் அக்கா அவ்வளவு சுத்தமாக வைத்திருந்திருக்கிறாள். துணை இல்லாமல் கிடந்தாரோ என்று எனக்கு இருந்த குறை அதைப் பார்த்ததும் போய்விட்டது.

அடுத்த நாள் கடை திறந்தேன். ஓடிப்போனவன் பெண்டாட்டி என்று என்னைச் சொன்னவர்கள் எல்லாரும் வழக்கம்போல வந்து உட்கார்ந்தார்கள். யாரும் கேலி பேசவில்லை. எல்லாருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தேன். கடைசி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னேன்:

"அவர் எங்கேயும் போகல. மில்லுக்குப் பின்னாலதான் இருந்தார்."

இப்படிக்கு,
விசிலின் மனைவி